மூன்று மணி விளக்கு

ஹாலிஃபாக்ஸ் டாக்டர் சொன்னது: இலையுதிரும் வரை.
ஜெனவியேவின் வயிறு சொல்வது: ஆகஸ்ட் கடைசி.
"நடுவில் ரெண்டு மூணு வாரம் தேறும்" என்றான் லெயாந்த்ர்,
மீன் விலை பேசுகிற குரலில்.
கணையம். இருபத்தொன்பது வயது.

எங்கள் ஷெட்டிகாம்ப் துறையில்
படகுக்கு ஒரு நிறம்.
அவன் மிதவைகள் மஞ்சள், இடுப்பில் கறுப்புப் பட்டை.
சிங்கி இறால் கூண்டு இறக்கும் முதல் நாள்
அவன் படகு கட்டியபடியே கிடந்தது.
மலையிலிருந்து இறங்கும் தென்கிழக்குக் காற்று
இரவெல்லாம் கூரைகளைப் பிய்த்துவிட்டு
அப்போதுதான் ஓய்ந்திருந்தது.
யாரும் கூட்டம் போடவில்லை.
கிளம்பிய இருபத்தைந்து படகிலும்
பத்துப் பத்து மஞ்சள் மிதவை ஏறியிருந்தது.
கடலில் எல்லைத் தகராறு செய்து
ஆறு வருடமாக எங்களோடு பேசாத ஃபெர்தினான்கூட
தன் பத்தை எடுத்து அடுக்கிக்கொண்டு
முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

நான் பிலியாஸ். அவன் படகில் இரை கட்டுகிறவன்.
கோயில் படி மிதித்துப் பன்னிரண்டு வருடம்.

கூட்டுறவுக் கடையில், முட்டை அலமாரிக்கு மேலே,
பங்குப் பெண்கள் ஒரு தாள் ஒட்டினார்கள்.
இருபத்துநான்கு கட்டம்.
மணிக்கு ஒரு வீடு விழித்திருக்கும்,
அவனுக்காக ஜெபமாலை உருளும்.
விடிகாலை மூன்று மட்டும் காலி.
பேனா நூலில் தொங்கியது.
எழுதிவிட்டேன்.
பால் வாங்கப் போனவன், பாலை மறந்து வந்தேன்.

மூன்றுக்கு அடுக்களை விளக்கைப் போடுவேன்.
ஒனோரீன் என் கதவுப் பிடியில் மாட்டிவிட்டுப் போன ஜெபமாலை
உப்புக் குப்பியின் பக்கத்தில் கிடக்கும்.
நான் இரைப்பை பின்னுவேன்.
முடிச்சு, இழுப்பு, முடிச்சு.
சில இரவு கடவுளைத் திட்டியதுண்டு,
எதிரே உட்கார்ந்திருப்பவனைத் திட்டுவதுபோல.

ஜூனில் ஸ்கேன் படம் வந்தது.
இறால் அளக்கும் பித்தளைக் கோலை
அந்தச் சாம்பல் நிழல்மேல் வைத்துப் பார்த்தான்:
"அளவு போதாது. சட்டப்படி
திரும்பத் தண்ணீரிலேயே விட வேண்டும்."
ஜெனவியேவ் சிரித்தாள்.
சிரிப்பு எங்கே திரும்பிற்று என்று தெரியவில்லை,
எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

அப்போது என்னிடம் கேட்டான்:
"மூணு மணி விளக்கு உன்னுடையது. என்ன ஜெபிக்கிறாய்?"
"ஒண்ணுமில்லை. நூல் பின்னுகிறேன்."
"எத்தனை பை?"
"நூத்திப்பத்து."
தலையாட்டினான், நல்ல பிடிப்பு என்பதுபோல.
"குணமாக்கு என்று கேட்க ஆள் நிறைய இருக்கிறார்கள், பிலியாஸ்.
அதை அவர்களிடம் விட்டுவிட்டேன்.
எனக்கு நன்றி சொல்கிற வேலையே சரியாயிருக்கிறது.
பயம் வருகிறது, வராமல் என்ன.
வரும்போது தலையைத் திருப்புவேன்.
துறைக்கு அந்தப் பக்கம்
ஏதாவது ஒரு அடுக்களை விழித்திருக்கும்."

பருவத்தின் கடைசி நாள் அவனும் வந்தான்,
போர்வையும் பிளாஸ்டிக் வாளியுமாக.
நாலாவது கயிற்றில் ஒரு பெண் இறால்,
வாலடி முழுக்கக் கரிய முட்டை.
பிடிக்கக் கூடாது. வாலில் ஓர் அடையாள வெட்டு,
பிறகு கடல்.
மற்றவர்கள் வீசிவிடுவார்கள்.
அவன் எப்போதும் குனிந்து
கையாலேயே இறக்குவான்.
அன்று மணிக்கட்டு வரை நீருக்குள் வைத்து
விடாமல் இருந்தான்.
நான் இஞ்சினை நிறுத்தினேன்.
அவள் தானாக வாலை ஒரு சொடுக்குச் சொடுக்கிப்
போனாள்.

அன்றிரவு மூன்றுக்கு விளக்கைப் போட்டேன்.
அந்தப் பக்கம் அவன் ஜன்னலும் எரிந்தது.
பின்ன இனி கூண்டில்லை, பருவம் முடிந்தது.
இருந்தும் நூலை எடுத்தேன், கீழே வைத்தேன்.
வார்த்தை ஒன்றும் வரவில்லை.
கைகள் வைத்தது வைத்தபடி
மேசைமேல் இருந்தன.
நான்கு அடித்தது. அடுத்த வீட்டு முறை.
அங்கேயும் விளக்கு ஏறிற்று.
நான் அணைக்கவில்லை.